மாண்டிசோரி அம்மையார்

நம் காலனியில் ஒரு குழந்தைக்கு மூன்று வயது நிறைந்துவிட்டால், பெற்றோர் முதலில் விசாரிப்பது மாண்டிசோரி என்னும் பெயரைத் தாங்கிய பள்ளி அருகில் எங்கே உள்ளது என்பதையே. ரயில் நிலையத்திலிருந்து நம் குடியிருப்பு வரையுள்ள சாலையில் மட்டும் அப்பெயர் எழுதிய பலகைகள் மூன்று தொங்குகின்றன. அவற்றுள் ஒன்றில், நான்கு வயதுக் குழந்தைகள் கைகட்டி அமர்ந்து ஆங்கில எழுத்துக்களை ஒரே குரலில் ஒப்பிப்பதைச் சன்னல் வழியே கண்டிருக்கிறோம். மாண்டிசோரி என்பது ஓர் ஊரின் பெயரா, அல்லது ஒரு கம்பெனியின் பெயரா என்று அன்பர் சிலர் நம்மை வினவியதும் உண்டு. அது ஒரு பெண்மணியின் பெயர். அப்பெண்மணி நம் சென்னை அடையாற்றிலும் கொடைக்கானல் மலையிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர் என்பதும், கைகட்டி அமர்ந்த குழந்தையைக் கண்டால் மனம் பொறாதவர் என்பதும் நம்மவர் அறியத்தக்கன. ஆதலின் அவர் வரலாற்றை இவ்வாண்டு மலரில் நமக்குத் தெரிந்த அளவில் எழுத முற்பட்டோம்.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் நாள், இத்தாலி நாட்டில் கியாராவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அலெஸ்ஸாண்ட்ரோ அரசாங்க உத்தியோகஸ்தர். மாற்றல் உத்தரவு வந்தபோதெல்லாம் மூட்டை கட்டிய குடும்பம் அது. 1873-இல் பிளாரன்ஸ் நகரம். 1875-இல் தலைநகராகிய ரோமாபுரி. இந்நிலையை நம் காலனிவாசிகளுக்கு விளக்க வேண்டுவதில்லை. தாயார் ரெனில்டே, அக்காலப் பெண்டிருள் நன்கு கற்றவர். மகள் எவ்வழியில் செல்ல விரும்பினும் அவளுக்குத் துணை நின்றவர். தந்தையாரோ பழைய வழக்கங்களில் ஊறியவர்.

பெண்கள் கற்பதாயின் ஆசிரியத் தொழிலுக்கே கற்கவேண்டும் என்பது அந்நாளைய வழக்கு. மரியா அதனை மறுத்து, பதின்மூன்றாம் வயதில் ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியிற் சேர்ந்தார். பொறியியல் கற்பதே முதல் எண்ணம். பின்பு மனம் மாறி மருத்துவம் என்றார். தந்தையார் மறுத்தார், பல்கலைக்கழகமும் எளிதில் இடம் தரவில்லை. முதலில் இயற்கை விஞ்ஞானம் பயின்று, அதன் பின்னரே மருத்துவ வகுப்பிற் புகுந்தார். ஆடவர் கூட்டத்தின் நடுவே ஒரு பெண் பிணத்தை அறுத்துப் பார்ப்பது தகாது என்று கருதி, மாணவர் யாவரும் சென்ற பின் மாலை வேளையில் தனியே அவ்வேலையைச் செய்யுமாறு வைத்தனர். மங்கிய விளக்கொளியில், பிணங்களின் நடுவே, ஓர் இளம்பெண் தனித்து நின்று கற்றாள் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் அவரே என்று பலரும் எழுதிவிடுகின்றனர், அது சரியன்று. அவருக்கு முன்னரும் சிலர் இருந்தனர். அவ்வாண்டே பெர்லினில் கூடிய மகளிர் மாநாட்டில், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் வேண்டும் என்று பேசினார்.

மருத்துவராகிய அவர் ஆசிரியராக மாறியது எவ்வாறு? ரோமாபுரியின் மனநோய் மருத்துவமனைகளுக்கு அவர் அடிக்கடி செல்வதுண்டு. அந்நாளில் மனவளர்ச்சி குன்றிய சிறுவர் சிறுமியரையும் அங்கேயே பெரியவர்களோடு அடைத்து வைத்திருந்தனர். வெற்றுச் சுவரும் வெறுந்தரையும் உள்ள அறை. விளையாட ஒரு குச்சியும் இல்லை. உணவு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கி உருட்டி விளையாடினவாம். காவற்பெண்டு அதனைப் பெருந்தீனி வெறி என்று அருவருத்தாள். மரியாவோ, அக்குழந்தைகளின் பசி வயிற்றுப் பசியன்று, கைகளின் பசி என்று கண்டார். தொட்டுப் பார்க்க அவ்வறையில் வேறு பொருளே இல்லையன்றோ? அவர் வாழ்நாள் முழுதும் செய்த பணி அனைத்தும் இவ்வொரு காட்சியில் அடங்கியிருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

அதன்பின் இட்டார், செகுவென் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவரின் நூல்களைத் தேடிப் பிடித்தார். காட்டில் திரிந்து பிடிபட்ட ஒரு சிறுவனுக்குப் பல ஆண்டுகள் கற்பித்தவர் இட்டார். அவர் மாணவராகிய செகுவென், அறிவு மழுங்கியவர் என ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கண், காது, கை வழியாகப் பயிற்சி தந்தவர். அந்நூல்களை மரியா தம் கையாலேயே முழுவதும் மொழிபெயர்த்து எழுதினார். சொல் ஒவ்வொன்றும் மனத்தில் நிற்கவேண்டும் என்பதற்காக அச்சுப்பிரதி போல அழகாக எழுதினாராம். 1900-இல் இத்தகைய குழந்தைகளுக்கென ரோமாபுரியில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டபோது, அதன் பொறுப்பை ஏற்றவருள் ஒருவரானார். அங்கே பயின்ற குழந்தைகள் சிலர், மற்றக் குழந்தைகளோடு பொதுத்தேர்வு எழுதித் தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையார்க்கோ வேறொரு கவலை பிறந்தது. குறையுள்ள குழந்தைகள் நல்ல குழந்தைகளுக்கு நிகராகத் தேறுவராயின், அந்நல்ல குழந்தைகளை நம் பள்ளிகள் எவ்வளவு தாழ்த்தி வைத்திருக்கவேண்டும் என்று அவர் சிந்தித்தார்.

இவ்விடத்தில் அவர் வாழ்வின் துயரமான ஒரு செய்தியைக் கூறாமல் விடுவது முறையன்று. அப்பள்ளியில் உடன் பணியாற்றிய மாண்டெசானோ என்னும் மருத்துவர்க்கும் அவர்க்கும் அன்பு உண்டாயிற்று. திருமணம் நிகழவில்லை. 1898 மார்ச்சு 31-இல் மாரியோ என்னும் ஆண் மகவு பிறந்தது. மணமாகாத தாய் என்று வெளிப்பட்டால் தொழிலும் பெயரும் அன்றே அழிந்துவிடும் காலம் அது. குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு செவிலிக் குடும்பத்திடம் ஒப்படைத்தனர். 1901-இல் மாண்டெசானோ வேறொரு பெண்ணை மணந்தார். அம்மையாரும் அப்பள்ளியை விட்டு விலகினார். அவ்வப்போது மகனைச் சென்று காண்பார். தாம் யார் என்று கூறமாட்டார். பிறர் குழந்தைகளை நுணுகி நுணுகிக் கண்ட அக்கண்கள், தம் குழந்தை நடை பயின்றதையும் மழலை பேசியதையும் நாள்தோறும் காணும் பேறு பெறவில்லை. இதற்காக அவரைக் குறைகூறும் எழுத்தாளரும் உளர். குறைகூறுதல் எளிது. தாயின் பெயரைக் கெடுக்கவும் குழந்தையை மறைக்கவும் செய்த அச்சமூகத்தையன்றோ முதலில் கேட்கவேண்டும்? தந்தையானவரின் பெயருக்கும் உத்தியோகத்துக்கும் ஒரு கேடும் வரவில்லை என்பதையும் அன்பர்கள் கவனிக்கவும்.

இனி, அவர் பெயரை உலகறியச் செய்த இடத்துக்கு வருவோம். ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைகள் நிறைந்த பகுதி. கட்டிடத் தொழில் பெருகிய காலத்தில் அவசரமாக எழுப்பப்பட்டு, பின்பு பணமுடையால் பாதியில் விடப்பட்ட பெரும் வீடுகளில், கூலி வேலை செய்வோர் குடும்பம் குடும்பமாக ஒண்டியிருந்தனர். ஒரு கம்பெனியார் அவ்வீடுகளைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டனர். தாய் தந்தையர் வேலைக்குப் போனபின், பள்ளி வயது எய்தாத சிறு பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடி, வெள்ளையடித்த சுவரைக் கிறுக்கிப் பாழாக்கினர். சுவரைக் காக்க ஒரு வழி வேண்டும் என்று கம்பெனியார் எண்ணினர். பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்து வைப்போம், மேற்பார்வைக்கு மாண்டிசோரி அம்மையாரை அழைப்போம் என முடிவு செய்தனர். இவ்வாறு 1907 சனவரி 6-ஆம் நாள், மார்சி தெருவில், முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. ஒரு பெரும் கல்வி இயக்கம் சுண்ணாம்புச் சுவரைக் காக்கும் ஏற்பாடாகப் பிறந்தது என்பது வேடிக்கையே.

சுமார் ஐம்பது குழந்தைகள். அழுக்குடையும் அச்சமும் உள்ளவர்கள். சிலர் வாய் திறந்து பேசவும் அஞ்சினர். ஆசிரியைக்குப் பயிற்சி எதுவும் இல்லை. அது ஒருவகையில் நன்மையாயிற்று என்றே அம்மையார் பின்னர்க் கருதினார். செகுவென் வழியைப் பின்பற்றித் தாம் செய்வித்திருந்த மரச்சாதனங்களை அங்கே வைத்துவிட்டு, நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, ஒரு மரக்கட்டையில் உள்ள பத்துக் குழிகளில் பத்து உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் உருளையும் ஒவ்வோர் அளவு. தன் குழியிலன்றி வேறு குழியில் சரியாக அமையாது. அவள் எல்லாவற்றையும் பொருத்துவாள், வெளியே எடுத்துக் கலைப்பாள், மறுபடியும் பொருத்துவாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நின்று பாடச் செய்தார், சிறுமி திரும்பவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். மரக்கட்டையை மடியில் அணைத்துக்கொண்டு அவள் தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்து முடித்தபின், துயில் நீங்கி எழுந்தவள் போலப் புன்முறுவலோடு சுற்றிலும் பார்த்தாள். சிறு குழந்தைக்கு மனம் ஒன்றில் நிலைக்காது என்று உலகம் கூறிவந்ததை அந்த மரக்கட்டை பொய்யாக்கிற்று. பிழை செய்தால் ஆசிரியை கூறவேண்டுவதில்லை. கடைசி உருளைக்குக் குழி இல்லாமற் போகும், குழந்தை தானே அறிந்து திருத்திக்கொள்ளும்.

பிறிதொரு நாள், சாதனங்கள் வைக்கும் அலமாரியை ஆசிரியை பூட்ட மறந்தார். மறுநாள் வந்து பார்த்தபோது, பிள்ளைகள் தாமே வேண்டியதை எடுத்துக் கொண்டுபோய் வேலை செய்துகொண்டிருந்தனர். திருட்டு என்று ஆசிரியை சினந்தார். அம்மையாரோ உயரமான அலமாரியை நீக்கி, குழந்தைகளின் கைக்கு எட்டும் தாழ்ந்த தட்டுகளை அமைத்தார். அவர்கள் அளவுக்கேற்ற சிறு நாற்காலி, சிறு மேசை, சிறு துடைப்பம் எல்லாம் வந்தன. இன்று எல்லாப் பள்ளியிலும் காணும் சிறு நாற்காலி அன்று ஒரு புதுமை. மற்றொரு நாள், மூக்கைச் சத்தமின்றிச் சிந்துவது எப்படி என்று கைக்குட்டையால் செய்து காட்டினார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். பிள்ளைகள் கைதட்டி ஆரவாரம் செய்தனர். ஒழுகும் மூக்குக்காகத் திட்டு வாங்காத நாளில்லை. சிந்தக் கற்றுக் கொடுத்தவர் மட்டும் அதுவரை எவருமில்லை.

எழுத்து கற்பிக்கும் எண்ணம் அம்மையார்க்கு முதலில் இல்லை. எழுத்தறியாத தாய்மார்களே வந்து, தம் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்று வேண்டினர். அவர் உப்புத்தாளில் எழுத்துக்களை வெட்டி வழுவழுப்பான அட்டைகளில் ஒட்டினார். குழந்தை எழுத்தின் போக்கிலேயே விரலால் தடவும். அதே வேளையில் ஆசிரியை அதன் ஒலியைக் கூறுவார். கண்ணும் காதும் விரலும் ஒன்றையே ஒருங்கே கற்றன. டிசம்பர் மாதத்தில் வெயில் காய்ந்த ஒருநாள் மொட்டை மாடியில் பிள்ளைகளோடு இருந்தபோது, ஒரு சிறுவனிடம் சுண்ணக்கோலைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்த அவன் திடீரென்று தனக்கு எழுத வருகிறது என்று கூவி, தரையில் ஒரு சொல்லை எழுதினான். பின்பு புகைபோக்கி என்று எழுதினான். கூரை என்று எழுதினான். அவன் முதலில் எழுதிய சொல் எது தெரியுமா? கை என்பதே. யாரும் சொல்லித் தந்து எழுதியதன்று. அன்றுமுதல் பிள்ளைகள் தரையிலும் கதவிலும் ரொட்டியின் மேலுங்கூட எழுதினராம்.

மணலில் விரலால் எழுதிக் கற்ற நம் திண்ணைப் பள்ளிக்கூடம் அன்பர்கள் சிலர்க்கு நினைவு வரலாம். எல்லாம் நம்மிடம் முன்னமே இருந்தது என்று மார் தட்டுவதில் நமக்கு விருப்பமில்லை. விரலால் எழுதும் வழி நம்மிடம் இருந்தது உண்மை. அதன் பக்கத்தில் பிரம்பும் இருந்தது. குழந்தை தான் விரும்பிய நேரத்தில், விரும்பிய எழுத்தை எடுத்துத் தடவலாம் என்னும் உரிமையே அம்மையார் புதிதாகத் தந்தது.

அவர் அமைத்த சாதனங்கள் எழுத்தோடு நிற்கவில்லை. கணிதம், பூகோளம், தாவர நூல், இசை எல்லாம் கைப்பொருளாக மாறின. ஒரு சென்டிமீட்டர் முதல் பத்துச் சென்டிமீட்டர் வரை வளரும் பத்து இளஞ்சிவப்புக் கனசதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் செய்யலாம். நீலமும் சிவப்பும் மாறி மாறித் தீட்டிய பத்துக் கோல்கள் எண்களைக் கற்பிக்கும். பின்னாட்களில் வந்த பொன்மணிகள் மிக அழகியவை: ஒரு மணி ஒன்று, பத்து மணி கோத்த கம்பி பத்து, பத்துக் கம்பிகளை இணைத்த சதுரம் நூறு, பத்துச் சதுரங்களை அடுக்கிய கனசதுரம் ஆயிரம். ஐந்து வயதுப் பிள்ளை ஒரு கையில் ஒன்றையும் மறு கையில் ஆயிரத்தையும் ஏந்தி எடை வேற்றுமையை உணரும். நம்மில் பலர் சம்பளம் வாங்கும் நாளில்தான் அவ்வேற்றுமையை உணர்ந்தோம்! பூமி உருண்டையில் நிலப்பரப்பு உப்புத்தாளாகச் சொரசொரக்கும், கடல் வழுவழுக்கும். நாடுகள் குமிழ் வைத்த மரத்துண்டுகளாகப் பெயர்த்தெடுக்க வரும். இலை வடிவங்களை மரச்சட்டத்தில் விரலால் சுற்றி அறியலாம். மணிகளைத் தட்டிச் சுரத்தைப் பொருத்தலாம்.

ஒரு பெட்டியைப் பற்றி மட்டும் சிறிது கூடுதலாகக் கூறுவோம். அதில் வண்ணம் தீட்டிய எட்டு மரக்கட்டைகள் உள்ளன. சரியாக அடுக்கினால் ஒரு முழுக் கனசதுரமாகும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது புதிர் விளையாட்டு. உண்மையில் அது, இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை முப்படி பெருக்கினால் என்ன வரும் என்னும் இயற்கணிதச் சூத்திரத்தின் உருவம். மெட்ரிக் வகுப்பில் அச்சூத்திரத்தை நாம் நெட்டுருப் பண்ணி, பரீட்சையில் எழுதி, மதிப்பெண்ணும் பெற்றோம். அதில் வரும் மூன்று என்னும் எண் எங்கிருந்து வந்தது என்பது, நாற்பது வயதுக்கு மேல் அம்மரப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தபோதே நமக்கு விளங்கியது. ஒரே அளவுடைய கட்டைகள் மும்மூன்றாக இருக்கின்றன, அவ்வளவே.

இவற்றை விளையாட்டு என்று அழைப்பதை அம்மையார் விரும்பியதில்லை. குழந்தை செய்வது வேலை என்பார். பெரியவர் வேலைக்குரிய மதிப்பை அதற்கும் தரவேண்டும் என்பார். சிறு குழந்தைகளுக்கு மாயக்கதைகள் சொல்வதையும் அவர் அவ்வளவாக ஆதரித்தாரில்லை. இதில் நாம் அவரோடு உடன்படவில்லை. பாட்டி கூறிய நரிக்கதையும் பூதக்கதையும் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் எதையும் இழந்துவிட்டதாகத் தெரியவில்லை.

1909-இல் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. 1912-இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு அமெரிக்காவில் பெரிதும் விற்பனையாயிற்று. மருத்துவத் தொழிலை விட்டு முழுநேரமும் இப்பணியில் இறங்கினார். 1912 இறுதியில் தாயார் மறைந்தார். அதன் பின்பே, 1913-இல், பதினைந்து வயதான மாரியோ அம்மையாரோடு வாழ வந்தார். அதன்பின் அவர்கள் பிரிந்தது அரிது. எனினும் ஊரார்க்கு உறவினர் என்றோ வளர்ப்பு மகன் என்றோதான் நெடுங்காலம் கூறப்பட்டது. 1915-இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில், கண்ணாடிச் சுவர் கொண்ட ஒரு வகுப்பறை அமைத்து நான்கு மாதங்கள் நடத்திக் காட்டினர். மக்கள் வெளியில் நின்று வேடிக்கை பார்க்க, பிள்ளைகள் அவர்களை ஏறெடுத்தும் பாராமல் தம் வேலையில் ஆழ்ந்திருந்தனர். சில ஆண்டுகளில் அமெரிக்காவில் அந்த ஆர்வம் அடங்கிப்போயிற்று.

தம் நாட்டில் முசோலினியின் ஆதரவை 1924 முதல் அம்மையார் ஏற்றுக்கொண்டார். பள்ளிகள் பெருகவேண்டும் என்னும் ஆசை அதற்குக் காரணமாகலாம். ஆயினும் அது நல்ல துணையன்று. விடுதலையாகச் சிந்திக்கும் குழந்தையும் சர்வாதிகாரியும் ஒரே கூரையின்கீழ் எத்தனை நாள் வாழமுடியும்? 1934-இல் உறவு முறிந்தது. இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாஜிகளும் மூடினர். பார்சிலோனாவில் குடியிருந்தார், 1936-இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து நீங்கி ஹாலந்து தேசத்தில் தங்கினார்.

இந்தியாவில் அவர் புகழ் முன்னரே பரவியிருந்தது. குஜராத்தில் பாவநகரில் கிஜுபாய் பதேக்கா 1920-இல் அவ்வழியில் பாலமந்திர் தொடங்கியிருந்தார். 1931-இல் இலண்டனில் காந்தியடிகள் அம்மையாரைச் சந்தித்து, அவர் பயிற்சிக் கல்லூரியில் உரையாற்றினார். 1939-இல் பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க, அவ்வாண்டு நவம்பரில் அறுபத்தொன்பதாம் வயதில் அம்மையார் மாரியோவுடன் சென்னை வந்து சேர்ந்தார். அடையாற்றில் பயிற்சி வகுப்பு தொடங்கிற்று. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் வந்தனர். அவர் இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ அருகில் நின்று ஆங்கிலத்தில் பெயர்ப்பார். சில மாதங்களில் திரும்புவதே திட்டம்.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. ஆங்கில அரசாங்கத்துக்கு இருவரும் பகைநாட்டார் ஆயினர். மாரியோவை முகாமில் அடைத்தனர். அம்மையாரை அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறாதபடி வைத்தனர். இளமையில் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிப் பிரிந்த மகனை, முதுமையில் அரசாங்கம் பிரித்தது. ஆகஸ்டு 31 அவருடைய எழுபதாம் பிறந்தநாள். அன்று அரசப் பிரதிநிதியிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாட் பரிசாக அவர் மகனையே திருப்பி அனுப்புவதாக அதில் கண்டிருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் உறவினர் என்றும் வளர்ப்பு மகன் என்றும் கூறப்பட்டவரை, ஒரு தந்தித்தாள் ஒளிவின்றி மகன் என்று குறித்தது. அதனைக் கையிற் பெற்றபோது அம்மையார் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைத் தாய்மார்களே அறிவர்.

போர்க்காலத்தில் 1942 முதல் ஏறக்குறைய ஈராண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன என்னும் அம்மையார் துணையிருக்க, பல வயதுக் குழந்தைகள் கூடிப் பயிலும் ஒரு சிறு பள்ளி அங்கே நடைபெற்றது. மலைச்சாரலில் கிடைத்த செடி, கல், பூச்சி, கூடு எல்லாம் பாடமாயின. வானத்து மீன் முதல் வயலின் மண்புழு வரை ஒன்றையொன்று தாங்கி நிற்பதைப் பெரிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை அங்கேதான் உருவாயிற்று. இன்று உலகெங்கும் மாண்டிசோரிப் பள்ளிகளில் ஆறு வயதுக்கு மேற்பட்டோர் பயிலும் பகுதியின் வேர் நம் பழனி மலைத்தொடரில் உள்ளது.

இந்தியாவில் அவர் கவனம் பிறந்த குழந்தையின்பாலும் திரும்பிற்று. அகமதாபாத்தில் அவர் ஆற்றிய உரைகள் 1949-இல் அடையாற்றிலிருந்து நூலாக வெளிவந்தன. பெரியவர் மொழியைக் கற்பர். குழந்தையோ, பஞ்சு நீரை உறிஞ்சுவது போலச் சூழலில் ஒலிக்கும் மொழியை உள்வாங்கிக்கொள்ளும் என்பது அந்நூலின் முக்கியச் செய்தி. இது நம் போன்ற வெளிமாநிலத் தமிழர்க்கு மிகவும் பொருந்தும். நம் பிள்ளைகள் தெருவில் இந்தியும் மராத்தியும் பேசுவதை எவரும் கற்பிக்கவில்லை. அவை காதில் விழுந்தன, நாவில் வந்தன. தமிழும் அவ்வாறே வரவேண்டுமாயின், ஞாயிறு வகுப்பின் பாடப்புத்தகத்துக்கு முன்பு வீட்டில் அது நாள் முழுதும் ஒலிக்கவேண்டும். பல்லாங்குழியும் சோழியும் சொப்பும் பையில் வைத்து ஊரிலிருந்து கொண்டுவருவது பெரும் பாரமன்று.

1946-இல் ஐரோப்பா சென்று, 1947-இல் மீண்டும் வந்து, 1949 வரை இந்நாட்டில் பணிபுரிந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் இங்கே அவரிடம் பயிற்சி பெற்றனர். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நோபல் சமாதானப் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை.

அவர் முறைக்குச் சாதனங்கள் விலையுயர்ந்தவை, ஏழைகளுக்கு எட்டாதவை என்னும் குறை உண்டு. குறை உண்மையே. கூலிக்காரர் பிள்ளைகளுக்காகப் பிறந்த கல்வி, பல இடங்களில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் தனியுடைமை ஆயிற்று. இக்குறையைத் தீர்க்க முயன்றவர் நாம் வாழும் இப்பகுதியிலேயே இருந்தார். கிஜுபாயுடன் பணியாற்றிய தாராபாய் மோடக் அம்மையார் 1945-இல் போர்டி கிராமத்தில் பாலர் கல்வி தொடங்கினார். 1957-இல் அப்பணி கோஸ்பாட் குன்றுக்கு மாறிற்று. மேற்கு ரயில்வேயில் டஹாணு ரோடு நிலையத்தில் இறங்கிச் செல்லவேண்டிய ஊர். அங்கே ஆதிவாசிக் குழந்தைகளுக்கு, விதை, கூழாங்கல், இலை, கிளிஞ்சல் இவற்றையே சாதனங்களாக்கினார். குழந்தைகள் வாராவிடில் ஆசிரியையே அவர்கள் முற்றத்துக்குச் சென்றார். இன்று நாடெங்கும் வழங்கும் அங்கன்வாடி என்னும் சொல் அவ்வழி வந்தது.

இறுதி நாட்களில் மாண்டிசோரி அம்மையார் ஹாலந்தில் நூர்ட்விக் என்னும் கடற்கரை ஊரில் இருந்தார். ஆப்பிரிக்காவுக்குச் சென்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது பற்றி மகனோடு பேசிக்கொண்டிருந்த நாளில், 1952 மே 6-ஆம் தேதி, எண்பத்தொன்றாம் வயதில் உயிர் நீத்தார். மாரியோ அப்பணியைத் தம் இறுதிவரை, 1982 வரை, தொடர்ந்தார். அம்மையாரின் உடல் அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டது. எங்கே உயிர் பிரிகிறதோ அங்கேயே தம்மை அடக்கம் செய்யவேண்டும் என்பது அவர் விருப்பம். ரோமாபுரியில் அவர் தாய் தந்தையரின் கல்லறையில் ஒரு கற்பலகை மட்டும் உள்ளது. அவர்கள் மகள் நாட்டை விட்டுத் தொலைவில், தம் விருப்பப்படியே உறங்குகிறார் என்று அது அறிவிக்கிறது.